முன் தொடர்பு: இல்லை!

காலை ஆறு நாற்பது.

செல்போன் அலறியது.

ஃபெமினா தோசைக்கல்லில் மாவை ஊற்றிய கையோடு எடுத்தாள்.

"ஹலோ…"

"ஃபெமினாங்களா? நீலமணி சூழல் ஆய்வு நிறுவனத்துல வேலை பாக்கறவங்கதானே?"

"ஆமா… நீங்க?"

"ஸ்ரீரங்கம் இன்ஸ்பெக்டர் வள்ளிக்கண்ணு. பீமராவ்னு ஒருத்தர் உங்க ஆபீஸா?"

"ஆமா மேடம். பழைய கோப்பு, பதிவேடு எல்லாம் அவரு பொறுப்புதான். ஏன்?"

"அவரு ஸ்கூட்டர் பெட்டியில செல்லு இருந்துச்சு. கடைசியா பேசினது உங்ககிட்ட. கொஞ்சம் கொள்ளிடக் கரைக்கு வாங்க."

"என்னாச்சு மேடம்?"

"வாங்களேன். போன்ல சொன்னா உங்களால வண்டி ஓட்ட முடியாது."

வைத்துவிட்டாள்.

தோசை கருகிப் போயிருந்தது. ஃபெமினா அடுப்பை அணைத்தாள். கருகியதைத் தட்டில் போட்டாள். உட்கார்ந்து, அதை முழுவதும் சாப்பிட்டாள்!

ஏன் சாப்பிட்டோம் என்று காவிரிப் பாலம் வரை யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்து நாலு நாளாகியிருந்தது. நாணல் தலை மட்டும் தெரியும்படி ஆறு ஓடியது. கரையில் நாலு கான்ஸ்டபிள்கள்… ஒரு வெள்ளைத் துணி… துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

வள்ளிக்கண்ணு துணியை விலக்கினாள்.

பீமராவ்!

ஐம்பத்தாறு வயது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். பையில் இரண்டு பேனாக்கள், செருகினது செருகினபடி.

அழுகை வர வேண்டிய இடத்தில் ஃபெமினாவுக்கு ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"இவருதானே?"

"இவருதான்."

"பின்மண்டையில அடி இருக்கு. விழும்போது பாறையில பட்டிருக்கலாம். இல்ல, வேற யாராவது பட வெச்சிருக்கலாம்… போஸ்ட்மார்ட்டம் சொல்லும். ஆனா ஒரு லெட்டர் இருக்கு பாருங்க. ஸ்கூட்டர் பெட்டியில இருந்துச்சு."

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளைத் தாள். கம்ப்யூட்டரில் அடித்த தமிழ். கீழே பீமராவின் கையெழுத்து.

ஃபெமினா படித்தாள்.

'பொருள்: என் உயிரை நானே முடித்துக்கொள்வது – தொடர்பாக.

பார்வை: கடித எண். நீ.சூ/117/2016, நாள் 9.8.2016.

என் கவனக்குறைவால் அலுவலகத்தின் பழைய கோப்புகள் அழிந்துவிட்டன. நீலமணி நிறுவனத்துக்கும் அணுமின் நிலையத்துக்கும் முன் தொடர்பு ஏதும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். என் முடிவுக்கு வேறு யாரும் காரணமில்லை.'

"இருபது வருஷ சர்வீஸ்மா எனக்கு," என்றாள் வள்ளிக்கண்ணு. "எத்தனையோ லெட்டர் பாத்திருக்கேன். பொருள், பார்வை எல்லாம் போட்டுட்டு ஆத்துல குதிச்சவரை இப்பதான் பாக்கறேன்!"

"அவரு அப்படித்தான் மேடம். பால்காரருக்கே அப்படித்தான் எழுதுவாரு. 'பொருள்: பாலில் தண்ணீர் அதிகரித்துள்ளமை – தொடர்பாக'ன்னு."

"பால்காரர் என்ன பண்ணாரு?"

"ஒரு வாரம் பயந்து போய் நல்ல பால் ஊத்தினாரு."

வள்ளிக்கண்ணு சிரித்தாள். ஃபெமினாவும் சிரித்தாள். பீமராவின் பாதங்களுக்கு அரை அடி தள்ளி நின்று சிரிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

செல்லில் அந்தக் கடிதத்தைப் படமெடுத்துக்கொண்டாள்.

தில்லைநகர். நீலமணி அலுவலகம். காலை பத்தரை.

எம்.டி. ஜோஸ்வின் கறுப்புச் சட்டையில் இருந்தான். முப்பத்தெட்டு வயது. படித்ததெல்லாம் வெளியூர், வெளிநாடு. தமிழ் பேச வரும்… எழுத வராது.

"ஃபெமினா… ஐ ஆம் ஸாரி. எங்க எல்லாருக்குமே ஷாக்தான். ஆனா டைம் இல்ல. இன்னிக்கு நாலு மணிக்குள்ள அந்த டிக்ளரேஷன் போயாகணும்."

"தெரியும் சார்."

"கையெழுத்து போடு."

தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

கடலோர அணுமின் நிலையத்தில் இன்னும் இரண்டு உலைகள் வரப்போகின்றன. வந்தால் கடலுக்கு என்ன ஆகும், மீனுக்கு என்ன ஆகும், கரையில் குடியிருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து சொல்லும் ஒப்பந்தம் நீலமணிக்குக் கிடைத்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. கடந்த பத்து ஆண்டுகளில் அந்த நிலையத்துக்காகவோ, அதைக் கட்டுகிறவர்களுக்காகவோ வேலை செய்ததுண்டா என்று ஊரறிய எழுதித் தர வேண்டும். உண்டு என்றால் ஒப்பந்தம் ரத்து. மறைத்தால், கையெழுத்துப் போட்டவருக்கு ஜெயில்!

கையெழுத்துப் போட வேண்டியவள் தரச் சரிபார்ப்பு அலுவலர்.

ஃபெமினா!

"பீமராவ் சார் பழைய கோப்பெல்லாம் பாத்துச் சொன்னப்புறம் போடறேன்னு சொல்லியிருந்தேன் சார்."

"அதான் எழுதியே குடுத்துட்டாரே! முன் தொடர்பு இல்லைன்னு போலீஸ் போன்ல படிச்சுக் காட்டினாங்க. செத்துப் போறவன் பொய் சொல்லுவானா?"

"2016-ல நாம என்ன வேலை சார் பண்ணோம்?"

ஜோஸ்வினின் கண் ஒரு தடவை கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

"ஏதோ சர்க்கரை ஆலை… தோல் தொழிற்சாலை… எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"நான் 2019-ல சேந்தவ. எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

"தெரியாதில்ல? அப்ப நல்லதாப் போச்சு. தெரியாதவங்க தாராளமா கையெழுத்து போடலாம். பிரச்னை தெரிஞ்சவங்களுக்குத்தான்!"

"படிச்சுப் பாத்துட்டுத் தரேன் சார்."

"மூணு மணி, ஃபெமினா. மூணு மணிக்கு இந்தக் கையெழுத்து இல்லைன்னா, நாளைக்கு உனக்கு இந்த நாற்காலி இல்ல."

தன் இடத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

2015… கோப்புகள் இருந்தன.

2017… இருந்தன.

2016… சுத்தமாகத் துடைத்திருந்தது!

பீமராவின் அலமாரிக்குப் போனாள். தபால் அனுப்புகைப் பதிவேடுகள் வருஷ வரிசையில் நின்றன. 2016 இருந்த இடத்தில் தூசியில் ஒரு செவ்வகம் மட்டும்.

செல்லை எடுத்துக் கடிதத்தின் படத்தை மறுபடி பார்த்தாள். சாகப் போகிறவர் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கடிதத்தை எதற்குப் பார்வையில் போட வேண்டும்?

புரிந்தது.

இந்த ஊரில் எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். புதுக் கடிதம் என்று யாரும் புதிதாக அடிப்பதில்லை. பழையது ஒன்றைத் திறப்பார்கள். மேலேயே அடிப்பார்கள். பொருளை மாற்றுவார்கள், விஷயத்தை மாற்றுவார்கள்… பார்வையை மாற்ற மறந்துபோவார்கள்! வாரத்துக்கு நாலு கடிதத்தையாவது பீமராவ் இதற்காகவே திருப்பி அனுப்புவார். அவர் மட்டும் எப்போதும் வெற்றுத் தாளில் தொடங்கித்தான் அடிப்பார்.

அப்படியானால்… இந்தக் கடிதத்தை அடித்தது பீமராவ் இல்லை!

வள்ளிக்கண்ணுவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். குரல் தட்டையாக வந்தது, கரண்ட் பில் கட்ட நாள் கேட்பதுபோல.



"அப்ப கொலைங்கறீங்க."

"ஆமா மேடம்."

"யாரு? உங்க எம்.டி.யா?"

"2016 கடிதமெல்லாம் அவரு கையில இருக்கற கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. இப்ப காணோம்."

"வந்து அமுக்கிடவா?"

"அவருக்குத் தமிழ்ல அடிக்கத் தெரியாது மேடம்…"

"ஆள வெச்சு அடிச்சிருப்பாருங்க. ரெண்டு அடியையும்! சரி… பீமராவ் சம்சாரம் அனுசுயா எங்ககிட்ட வாயே திறக்க மாட்டேங்கறாங்க. நீங்க போய்ப் பேசிப் பாக்கறீங்களா?"

ஸ்ரீரங்கம், வடக்குச் சித்திரை வீதி. இரண்டாம் மாடி.

அனுசுயா பீமராவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"வாம்மா ஃபெமினா. போஸ்ட்மார்ட்டம் மத்தியானம் முடியுமாம். எத்தனை மணின்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அவரு இருந்தா எழுதிக் கேட்டிருப்பாரு."

"அக்கா… நேத்து எங்க போறேன்னு சொன்னாரு?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துகிட்டுப் போனாரு. 'புகார் குடுக்கப் போறீங்களா'ன்னு கேட்டேன். 'புகார் நாளைக்கு. முதல்ல சம்பந்தப்பட்டவருக்குத் தெரியப்படுத்தி விளக்கம் கேக்கணும், அதான் முறை'ன்னாரு."

"யாருக்கு?"

"பேரு சொல்லல. 'பெரிய மனுஷன். சொன்னா தானாவே விலகிடுவாரு'ன்னாரு."

"ஜெராக்ஸ் எதுலேந்து எடுத்தாரு?"

"ஒரு தடி நோட்டு. தபால் அனுப்பின பதிவேடாம். பழைய பேப்பர்காரனுக்குப் போட வெச்சிருந்தாங்கன்னு தூக்கிட்டு வந்தாரு. அட்டை கிழிஞ்சிருக்குன்னு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பைண்டிங் போடக் குடுத்திருக்காரு."

"பைண்டிங்கா?!"

"கேஸு கோர்ட்டுக்குப் போனா கிழிஞ்ச அட்டையோட நீட்ட முடியுமா, மரியாதையா இருக்க வேணாமான்னாரு."

அனுசுயா ரசீதை எடுத்துக் கொடுத்தாள். சட்டையை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"ஃபெமினா… இனிமே பேப்பர்ல போடுவாங்களா, கோப்பைத் தொலைச்சுட்டு ஆத்துல விழுந்தாருன்னு?"

"போட விட மாட்டேன்க்கா."

"முப்பது வருஷத்துல ஒரு குண்டூசி தொலைச்சதில்ல அந்த மனுஷன்."

இருவரும் அழவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியை நிறுத்த இடம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

படியிறங்கும்போதே இன்ஸ்பெக்டருக்குப் பேசினாள். ரசீதைப் படமெடுத்து அனுப்பினாள்.

"பதிவேட்டுல 117-ஆவது வரியைப் பாருங்க மேடம். அந்தக் கடிதம் யாருக்குப் போச்சு, எதுக்குப் போச்சுன்னு இருக்கும்."

"நானே போறேன். நீங்க?"

"திருவானைக்காவல். அறிக்கையை வாங்கிச் சரிபாக்கற ஆய்வு அலுவலர் அங்கதான் இருக்காரு. கையெழுத்து போட மாட்டேன்னு நேர்லயே சொல்லப் போறேன். வேலை போனாப் போகட்டும். பொய்க் கையெழுத்து போட்டா பீமராவ் சாரை ரெண்டாவது தடவையா ஆத்துல தள்ளின மாதிரி ஆயிடும்."

"ஆளு எப்படி?"

"பிலோமின்ராஜ் சாரு எங்க கோயில்ல பாட்டுக் குழுத் தலைவரு மேடம்."

"அடேங்கப்பா… அப்ப போயிட்டு வாங்க."

திருவானைக்காவல். மூன்றே கால்.

மாடியில் இரண்டு அறை. பிலோமின்ராஜ் வெள்ளைச் சட்டையில் இருந்தார். அறுபத்து மூன்று வயது. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒப்பந்தக்காரர்கள் தரும் முன் தொடர்பு அறிக்கைகள் எல்லாம் அவர் கண் பட்ட பிறகுதான் ஊர் பார்வைக்கு வரும்.

"உக்காரும்மா. பீமராவ் விஷயம் கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல. காபி குடி."

குடித்தாள். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். 2016 துடைத்தது, ஜோஸ்வின் மிரட்டியது, பார்வை வரி… பதிவேடு ஒன்றைத் தவிர. அதைச் சொல்ல வேண்டாம் என்று யோசித்து விடவில்லை. சொல்வதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஜோஸ்வின் வேலைதான்! சந்தேகமே இல்ல. பழைய லெட்டர் மேல அடிச்சிருக்கான், பார்வையை எடுக்க மறந்துட்டான். இந்தப் பார்வை விஷயத்தை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்லது. சொல்லாதே. கையெழுத்து போட மறுத்தேன்னு நான் ஒரு ஒப்புகைக் கடிதம் தரேன். உனக்கு அது பாதுகாப்பு."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். இரண்டே விரலால் தட்டத் தொடங்கினார்.

"டைப்பிஸ்ட் இல்லையா சார்?"

"எதுக்கும்மா? பழசு ஒண்ணைத் திறந்து மேலயே அடிச்சா ரெண்டு நிமிஷம். போன மாசம் உங்க ஆபீஸுக்கு ஒரு பதில் போட்டேன், அதுவே போதும்."

ஃபெமினா திரையைப் பார்த்தாள்.

'பார்வை: தங்கள் கடித எண். நீ.சூ/84…'

எங்கள் எண்!

எங்கள் கடிதத்தின் எண்… அவருடைய கடிதத்தில்.

ஆமாம். நியாயம்தானே? வந்த கடிதத்தைத்தான் பார்வையில் போடுவார்கள். நாங்கள் எழுதினால் பார்வையில் அடுத்தவர் எண் இருக்கும். அடுத்தவர் எங்களுக்குப் பதில் எழுதினால்… எங்கள் எண் இருக்கும்!

நீ.சூ/117… எங்கள் எண்.

அப்படியென்றால் அந்தச் சாவுக் கடிதம் எங்கள் பழைய கடிதத்தின் மேல் அடித்தது இல்லை! எங்கள் 117-ஐக் கையில் வாங்கி, அதற்குப் பதில் எழுதியவரின் கடிதத்தின் மேல் அடித்தது!

ஜோஸ்வின் இல்லை…

காபித் தம்ளரைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தாள்.

"சார்… 2016-ல நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"ஏம்மா?"

"எங்க 117-க்குப் பதில் எழுதினது நீங்களா?"

பிலோமின்ராஜ் எழுந்தார். நிதானமாக நடந்து போனார். கதவைத் தாழ் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்கப்பா உன்னை வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்மா."

"நீங்களா சார்?"

"நான்தான். அந்த நிலையத்தைக் கட்டற கம்பெனியோட திருச்சி ஆபீஸ் அப்ப என் பொறுப்பு. மீனவ கிராமங்களுக்குக் குடுக்க ஆய்வோட தமிழ்ச் சுருக்கம் வேணும்னு உங்க கம்பெனிகிட்டதான் கேட்டோம். பீமராவ் அடிச்சு அனுப்பினாரு. கடல்ல விடற வெந்நீரோட சூடு அளவுக்கு மேலன்னு! கொறச்சுப் போடுங்கன்னு நான் பதில் எழுதினேன். ஜோஸ்வினோட அப்பா கொறச்சுப் போட்டாரு. ஊரு நம்பிச்சு."

"இப்ப எங்க கம்பெனியே 'தொடர்பு இல்லை'ன்னு எழுதுது…"

"நான் 'சரி'ன்னு முத்திரை குத்தறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"பீமராவ் சாருக்கு சார்."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நேத்து வந்தாரு. கையைக் கட்டிகிட்டு நிக்கறாரு. 'ஐயா, உங்களுக்கே முன் தொடர்பு இருக்கு. நீங்களாவே விலகிட்டா மரியாதை. ஏழு நாள் அவகாசம் தரலாம்'னு! எனக்கு அவகாசம்! நேரா போலீஸுக்குப் போயிருந்தா இப்ப உயிரோட இருந்திருப்பாரு. 'கரையோரமா நடந்துகிட்டே பேசலாம் வாங்க'ன்னேன். வந்தாரு."

"கையெழுத்து?"

"அவரு போட்ட லெட்டர் எங்கிட்ட முப்பது இருக்கு. கண்ணாடிக்கு மேல வெச்சு வரைஞ்சேன்."

மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளிருந்து கோப்புகளுக்கான கனமான இரும்புத் துளைக்கருவியைக் கையில் எடுத்தார்.

"உனக்கும் ஒரு லெட்டர் அடிக்கணும்மா. வேற வழியில்ல."

ஃபெமினாவுக்குப் பயம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

"இந்தத் தடவ பார்வையை மறக்காம எடுத்துடுங்க சார்," என்றாள்.

டொக்… டொக்… டொக்…!

கதவு அதிர்ந்தது.

"பிலோமின்ராஜ் சார்! சீக்கிரம் திறங்க! பைண்டிங் இன்னும் காயல, பசை கையெல்லாம் ஒட்டுது!"

வள்ளிக்கண்ணு!

அவர் கை ஓங்கியபடியே நின்றது. ஃபெமினா எழுந்தாள். வங்கிக் கவுண்டருக்குப் போகிறவளைப்போல அவரைத் தாண்டிப் போய்த் தாழை நீக்கினாள்.

கையில் சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்ட பதிவேட்டோடு வள்ளிக்கண்ணு நுழைந்தாள். பின்னால் மூன்று கான்ஸ்டபிள்கள்.

"117. பெறுநர்… திரு. பிலோமின்ராஜ். விவரம்… அணுமின் நிலைய ஆய்வு, தமிழ்ச் சுருக்கம். என்னா அழகான கையெழுத்து சார் அந்த மனுஷனுக்கு! அதைக் கீழ வைங்க. காகிதத்துல ஓட்டை போடறதுதான் அதுக்கு வேலை."

துளைக்கருவி மேஜையில் விழுந்தது.

"எம்.டி. ஜோஸ்வின் ஸ்டேஷன்ல உக்காந்திருக்காரு," என்றாள் ஃபெமினாவிடம். "போன மாசமே கோப்பெல்லாம் அழிச்சேன், கொலை பத்தித் தெரியாதுன்னு இங்கிலீஷ்ல அழறாரு. அழிச்சதுக்குத் தனிக் கேஸ்."

ஃபெமினா கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். 'முன் தொடர்பு' என்ற இடத்தில் அச்சிட்டிருந்த 'இல்லை'யை ஒரே கோட்டில் அடித்தாள். 'உண்டு' என்று எழுதினாள். கடித எண், நாள், பெறுநர் பெயர் எல்லாம் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

அனுசுயாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா… சார் எதையும் தொலைக்கல. தானாவும் போகல. பேப்பர்ல அப்படித்தான் வரும்."

"சரிம்மா," என்றாள் அனுசுயா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'சரிம்மா'. பிறகு போனில் ஒரு சத்தம் கேட்டது. அவள் அழ ஆரம்பித்திருந்தாள். ஃபெமினா வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.

கீழே ஜீப். பிலோமின்ராஜ் படியில் தடுமாறினார்.

"இன்ஸ்பெக்டரம்மா… நான் கௌரவமா வாழ்ந்தவன். ஸ்டேஷன், ஜெயில் இதெல்லாம் எனக்குப் பழக்கமே இல்லம்மா…"

வள்ளிக்கண்ணு அவர் தலை இடிக்காமல் கை வைத்து ஜீப்புக்குள் உட்கார வைத்தாள்.

"கவலைப்படாதீங்க சார். உள்ள போறப்ப, 'இதுக்கு முன்னாடி ஜெயில்ல இருந்ததுண்டா'ன்னு ஒரு கேள்வி கேப்பாங்க. 'இல்லை'ன்னு தைரியமா எழுதுங்க… நீங்க உண்மையா நிரப்பற முதல் படிவம் அதுதான்!"